பல் மருத்துவப் பட்டமும் ஜவ்வாது மலையும்

காவலூரை உலகம் அறியச் செய்தது அதன் இருட்டு. திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். நகர வெளிச்சம் எட்டாத தொலைவு, நெருக்கமில்லாத குடியிருப்புகள், சுற்றிலும் காடு. இவற்றைப் பார்த்துத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் இங்கே முதல் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது ஆய்வகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

விண்மீன் பார்ப்பவருக்கு வரமாக அமைந்த அதே காரணங்கள் பல் மருத்துவருக்குத் தடையாகின்றன. வீடுகள் சிதறிக் கிடந்தால் ஒரு மருத்துவமனையை நடத்தும் அளவுக்கு நோயாளிகள் ஒரே இடத்தில் சேர மாட்டார்கள். நகரம் தொலைவென்றால் மருத்துவர் அங்கே குடியிருக்க மாட்டார். பல் சிகிச்சை நாற்காலிக்கு ஓயாத மின்சாரமும் அழுத்தக் காற்றும் சுத்தமான நீரும் வேண்டும். பழுது பார்க்க ஆள் கீழேயிருந்துதான் வரவேண்டும். ஆகவே பல்வலி வந்த மலைவாசி ஆலங்காயத்துக்கோ வாணியம்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ இறங்குகிறார். ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் கணக்கில் இருப்பதால், வலி பொறுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகே இறங்குகிறார். அப்போது பெரும்பாலும் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

பல் மருத்துவர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்ற எண்ணம் இப்படித்தான் நிலைத்தது. பல்கலைக்கழகம் தரும் பட்டமோ அந்தக் கடைசிக் கட்டத்துக்காக மட்டும் உருவானதல்ல. ஐந்து ஆண்டுகளில் ஒரு மாணவர் எதற்குத் தயாராகிறார், அதில் எவ்வளவு காவலூர் போன்ற ஊருக்குப் போய்ச் சேருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மெழுகிலிருந்து வாய்க்கு

பல் மருத்துவத்துக்கென்று உலகில் தோன்றிய முதல் கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியது. இந்தியாவில் முதல் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். விடுதலைக்குப் பின் 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதன்கீழ் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. தமிழ்நாட்டில் 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. சிதம்பரத்தின் ராஜா முத்தையா கல்லூரி 1980இல் வந்து, பிற்பாடு அரசின் கைக்குப் போனது. புதுக்கோட்டைக் கல்லூரி 2023இல் திறக்கப்பட்டது. மாணவர் சேர்க்கைக்கான மற்ற இடங்களில் மிகப் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகளுடையவை.

பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். படிப்பு நான்கு ஆண்டு பாடமும் ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணியும் சேர்ந்தது. முதலாண்டில் மாணவர் முழு உடற்கூறியலையும் உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் படிக்கிறார். பல்லின் வடிவத்தைக் கற்கும் விதம் தனி. விரல் நீள மெழுகுக் கட்டியை எடுத்து, சிறு கத்தி போன்ற செதுக்கியால், மில்லிமீட்டர் அளவு பார்த்து, முன்பல்லில் தொடங்கிக் கடைவாய்ப் பல் வரை ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டும். மேடு எங்கே, பள்ளம் எங்கே, எந்தப் பக்கம் சரிவு என்பது கைக்குப் பழக வேண்டும். பிற்காலத்தில் பாதி சிதைந்த பல்லை அடைக்கும்போது, இழந்துபோன வடிவத்தை மனத்திலிருந்து மீட்டுத் தருவதற்கான பயிற்சி இது. அடைத்த பல் மயிரிழை அளவு உயர்ந்து நின்றாலும், மென்று சாப்பிடும்போதெல்லாம் நோயாளிக்கு அது உறுத்தும்.

இரண்டாம் ஆண்டில் மருந்தியல், நோயியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றோடு 'பேன்டம் ஹெட்' என்னும் பொம்மைத் தலை வருகிறது. பிடுங்கிய பற்களைப் பிளாஸ்டரில் நட்டு, அவற்றில் குழி எடுத்தும் அடைத்தும் பழகுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவமும் பொது அறுவை மருத்துவமும் பாடங்கள். இதற்காகப் பொது மருத்துவமனை வார்டுகளுக்குப் போகிறார்கள். நான்காம் ஆண்டில் பல் எடுப்பதும் தாடை அறுவையும், ஈறு நோய், வேர் சிகிச்சை, செயற்கைப் பல், கம்பி போடுதல், குழந்தைகள் பல் மருத்துவம், வாய் நோயறிதலும் எக்ஸ்ரேயும், சமூகப் பல் மருத்துவம் என எட்டுத் துறைகள். ஐந்தாவது ஆண்டில் இந்தத் துறைகளில் சுழற்சி முறையில் பணி. 2007ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அந்தப் பன்னிரண்டு மாதங்களில் மூன்று மாதம் சமூக, கிராமப்புறச் சேவைக்கு உரியது. வேறு எந்தத் துறைக்கும் இவ்வளவு காலம் ஒதுக்கப்படவில்லை.

படிப்பை முடித்தவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம். மரத்துப்போகும் ஊசி போடவும், பல் எடுக்கவும், அடைக்கவும், வேர் சிகிச்சை செய்யவும், பல் செட் கட்டவும், சிறு அறுவைகள் செய்யவும், மருந்து எழுதித் தரவும் அவருக்கு உரிமை உண்டு. இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குப் பட்டம் கைவேலைக்கான சான்றாகத் தோன்றும். அதன் உண்மையான கனம், கைவேலை தொடங்குவதற்கு முந்திய சில நிமிடங்களில் இருக்கிறது.

ஊசிக்கு முன்

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் வலியோடு ஐம்பது வயதுப் பெண் ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றவர் முதலில் பல்லைத் தொடுவதில்லை. "காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். வெறும் வயிற்றில் மலையிறங்கி வந்தவருக்கு ஊசி போட்டால் மயங்கி விழலாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரத்தக் கொதிப்பு உண்டா, இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறாரா, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையா, வலிப்பு வந்ததுண்டா, முன்பு ஊசி போட்டபோது ஏதாவது ஒவ்வாமை ஏற்பட்டதா? இந்தக் கேள்விகளின் விடையைப் பொறுத்து, அன்றைக்குப் பல் எடுப்பதா, மருந்து கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொல்வதா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா என்பது முடிவாகிறது. மூன்றாம் ஆண்டில் பொது வார்டுக்குப் போனதன் பயன் இங்கேதான் தெரியும்.

அடுத்து ஊசி. கீழ்த்தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் சிறு துளை கண்ணுக்குத் தெரியாது. தாடையின் முன்விளிம்பில் இருக்கும் குழிவைக் கட்டைவிரலால் தடவி இடம் பிடித்து, எதிர்ப்புற முன்கடைவாய்ப் பற்களுக்கு மேலிருந்து ஊசியைச் சாய்வாகச் செலுத்த வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் போனதும் முனை எலும்பைத் தொடும். உடனே மருந்தைத் தள்ளிவிடக் கூடாது. உந்துதண்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, இரத்தம் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். மருந்தில் லிக்னோகெயினோடு மிகச் சிறிய அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அது இரத்தக் குழாய்க்குள் நேராகப் போனால் இதயம் படபடக்கும். சில நிமிடத்தில் கீழுதட்டின் பாதி தடித்தது போலிருக்கிறது என்று நோயாளி சொன்னால் ஊசி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

மேல் பல் என்றால் இன்னொரு தடையும் உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. பார்வை நரம்பு வேறு. மேல் பற்களுக்குப் போகும் நரம்பு வேறு. பல் எடுப்பதால் கண் கெடாது. ஆனால் எடுக்காமல் விட்ட பல்லின் சீழ் பரவி, கண்ணைச் சுற்றி வீங்கி, அரிதாக மூளையின் அடிப்பகுதிவரை போகலாம். மக்கள் அஞ்சும் ஆபத்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது என்பதை நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் பல் மருத்துவரின் வேலையே.

வாயை வாசிப்பது

பட்டம் கற்பிக்கும் இன்னொரு திறமை, வலி இல்லாத இடத்தைப் பார்ப்பது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 2016-17ஆம் ஆண்டு தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தினர்: வெற்றிலையோடு, பாக்கோடு, அல்லது பொட்டலமாக வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு. புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை முன்னறிவிப்புகள்.

பாக்கு மெல்லுபவர்களுக்கு வரும் வாய்த் திசு இறுக்கத்தைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். நோயாளியின் மூன்று விரல்களைச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நிமிர்த்தி வைக்கச் சொன்னால் போதும். பொதுவாக மூன்றும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நார்போல் பட்டைகள் விரலில் தட்டுப்படும். அவருக்குக் காரம் பட்டால் எரிகிறது என்பதுதான் புகாராக இருந்திருக்கும். வயிற்றுப்புண் என்று நினைத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

குழந்தைகளின் வாயில் வேறொரு செய்தி இருக்கும். முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடுகளும் பழுப்புக் கறையும் இருந்தால், துலக்காத பல் என்று பள்ளியில் திட்டுவார்கள். பல் மருத்துவம் படித்தவர் அந்தக் குழந்தை குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்கள் இப்படி ஆகும். அருகிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்ததால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பும் இடம்பெற்றிருக்கிறது. குழந்தைகளின் முன்பற்களில் தெரிந்த கறைக்குத் தீர்வு ஆற்றுநீரில் இருந்தது. சமூகப் பல் மருத்துவம் என்ற பாடம் கற்பிக்க முயல்வது இந்தப் பார்வையைத்தான்.

வாணியம்பாடி தந்த பாடம்

மலையடிவாரத்தில் நடந்த ஒரு சம்பவம், படிப்பின் மிகச் சாதாரணமான பகுதி எவ்வளவு பெரியது என்பதைக் காட்டியது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டில் மூளையையும் நரம்புகளையும் தாக்கிய மெலியோய்டோசிஸ் நோயாளிகள் 21 பேரை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பெரும்பாலோர் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் நடத்திய அந்த விசாரணை 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது. 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

நோய்க்குக் காரணம் மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா. அது வாய்க்குள் போன வழியென்று விசாரணை சுட்டியது, காயத்தைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலை. கிருமி நீக்கம் செய்யாத ஒரு அறுவைக் கருவியால் பாட்டிலைத் திறந்து, மீதியைப் பஞ்சால் லேசாக அடைத்து வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே தொற்றியவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது; வாயின் நரம்புப் பாதைகள் மூளைக்கு மிக அருகில் இருப்பது காரணமாக இருக்கலாம்.

ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதினைந்து நிமிடம் என்ற கணக்கை இரண்டாம் ஆண்டு மாணவர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். ஒருமுறை திறந்த பாட்டிலை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் பாடத்தில் இருக்கிறது. நோயாளியால் சரிபார்க்கவே முடியாதவை இவை. பல் நன்றாக அடைக்கப்பட்டதா என்பதை அவர் மென்று பார்த்துத் தெரிந்துகொள்வார். கருவி வெந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. அங்கே அவருக்குப் பட்டமும் அதைக் கண்காணிக்கும் அமைப்புமே காப்பு. பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தினசரி ஒழுங்கையும் மேற்பார்வையையும் அதனால் ஈடு செய்ய முடியாது. 2023ஆம் ஆண்டு தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் கொண்டுவரும் புதிய ஒழுங்குமுறையை இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

மின்சாரம் கேட்காத சிகிச்சை

கல்லூரிகளில் மாணவர் பழகும் கருவிகள் நகரத்துக்கானவை. சொத்தையைக் குடையும் ஏரோட்டர் நிமிடத்துக்கு மூன்று லட்சம் முறைக்கு மேல் சுழலும். கம்ப்ரெசர் இல்லாமல் அது வெறும் குழாய். மலைக்கு ஏற்ற மாற்று 1980களிலேயே வந்துவிட்டது. தான்சானியாவில் டச்சுப் பல் மருத்துவர் ஜோ ஃப்ரெங்கன் உருவாக்கிய முறையில், கையால் பிடிக்கும் சுரண்டிகளால் இளகிய சொத்தையை எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமெண்டை விரலால் அழுத்தி அடைக்கிறார்கள். பெஞ்சில் படுக்க வைத்தே இதைச் செய்யலாம். பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். பால்பல் சொத்தைக்கு இன்னும் எளிதாக, சில்வர் டைஅமைன் புளோரைடு என்ற திரவத்தைச் சொட்டளவு தடவினால் சொத்தை பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சொத்தைப் பகுதி கறுத்துப்போகும் என்பதுதான் முக்கியக் குறை. அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த இரண்டையும், புளோரைடு பற்பசையையும் சேர்த்தது.

வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் கேரளத்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1990களில் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததை 2005இல் வெளியான முடிவுகள் காட்டின. தமிழ்நாடு அரசு 2023 இறுதியில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையை முதற்கட்டமாகத் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருப்பத்தூரும் ஒன்று. காவலூர் இருப்பது இந்த மாவட்டத்தில்தான். திட்டு ஒன்றைக் கண்ட பணியாளர் யாரிடம் காட்டுவார், யார் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார் என்ற அடுத்த கண்ணிதான் பல் மருத்துவப் பட்டதாரிக்கான இடம். இலங்கையில் மகரகமவில் பயிற்சி பெற்ற பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கலானவை பல் மருத்துவரிடம் போகின்றன. ஒரே பட்டதாரி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இல்லை.

யார் போவது?

இந்தியாவில் இன்று 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர முடியும். ஆகவே காவலூரின் பற்றாக்குறைக்கு ஆள் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்ல முடியாது. தனியார் கல்லூரியில் பல லட்சம் செலவழித்துப் படித்தவர், கடன் வாங்கி நாற்காலி போட்டவர், அந்தப் பணம் திரும்பும் இடத்தில்தான் கடை விரிப்பார். மலைக்கு அவரைக் கொண்டுவரக்கூடியது சம்பளமுள்ள அரசுப் பதவி ஒன்றே.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தபோது, பி.டி.எஸ். படிப்பையும் சேர்த்தது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. மலையிலிருந்து படிக்கப் போனவர் திரும்பி வந்தால் பேச்சு மொழியும் பழக்கவழக்கமும் அவருக்குப் புதிதாக இருக்காது. ஆனால் திரும்பி வர இங்கே ஒரு வேலை இருக்க வேண்டும்.

பயிற்சி ஆண்டின் மூன்று கிராமப்புற மாதங்கள்தான் இன்று கையில் இருக்கும் உறுதியான ஏற்பாடு. பல இடங்களில் இது பேனர் கட்டி, முகாம் நடத்தி, பற்பசை கொடுத்து, கல்லூரிக்கு வரச்சொல்லிச் சீட்டு எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. கீழே போகப் பணமும் நேரமும் இல்லாதவர்களுக்கு அந்தச் சீட்டால் பயனில்லை. அந்த மாதங்களை அதே ஊர்களில் தொடர்ச்சியாகச் செலவிடச் சொல்லலாம். சுரண்டியும் சிமெண்டும் உள்ள பெட்டியைக் கையில் கொடுக்கலாம். கருவிகளை வேகவைக்க, மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தே இயக்கக்கூடிய அழுத்தக் கொதிகலன் போதும். எத்தனை பேருக்குச் சீட்டு எழுதினார்கள் என்பதை விட்டு, எத்தனை பேர் சிகிச்சை முடிந்து போனார்கள் என்பதைக் கணக்கெடுக்கலாம். கிராமச் செவிலியருக்கு மூன்று விரல் சோதனையையும் வெள்ளைத் திட்டையும் கற்றுத் தருவதைப் பயிற்சி மருத்துவரின் மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம்.

பல் மருத்துவப் பட்டம் ஒருவரை உடம்பின் நோயை வாயில் படிக்கவும், எப்போது கைவைக்கக் கூடாது என்று தீர்மானிக்கவும், சுத்தத்தை யாரும் பார்க்காதபோதும் காப்பாற்றவும், பிறகு வலியில்லாமல் ஒரு பல்லை எடுக்கவோ காப்பாற்றவோ தயார் செய்கிறது. கடைசி வேலைக்கு மட்டும் நகரத்தில் சந்தை இருக்கிறது. முந்திய மூன்றுக்கும் யாரும் கட்டணம் கொடுப்பதில்லை. மலைக்கு அதிகம் தேவைப்படுபவை அவைதான். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பது அரசின் பொறுப்பு; பாடத்திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் அது அந்தப் பொறுப்பை ஏற்காது.